குறை சொல்ல இடமுள்ள ராடு

தூண்டில் ராடு வாங்கறவங்க பொதுவா ஒரு தப்பு பண்றாங்க சார். ரொம்ப நீளமா வாங்கிடறாங்க. கரையில நின்னு வீசறவருக்கு நீளம் வேணும், ஒத்துக்கறேன். ஓடுற போட்டுக்குப் பின்னால லூரை, அதான் அந்தப் பொய் மீனை, இழுத்துக்கிட்டே போறதுக்கு எதுக்குங்க பத்தடி? ஆறரை அடி போதும். ஏழடின்னா தாராளம். அதுக்கு மேல போனா விலைதான் ஏறும், திரும்பறப்போ பக்கத்துல உக்காந்திருக்கறவங்க கண்ணையும் குத்தும்.

ஃபேனைக் கொஞ்சம் குறைக்கறீங்களா? கடைவாய்ப் பல்லு புடுங்கி ஒரு மாசம் ஆகப்போகுது, காத்து பட்டா இன்னும் கூசுது. தேங்க்ஸ்.

நீங்க கேட்டது வேற கேள்வின்னு தெரியும். எங்க பெட்டியில இருந்த நாப்பத்தி மூணு லூர்ல ஒண்ணுல கூட தூண்டில் முள் இல்லாம போனது எப்படின்னு கேட்டீங்க. அதுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கேன். ராடுல ஆரம்பிச்சாதான் உங்களுக்கு ஒழுங்காப் புரியும். மீன்பிடி கிளப் செயலாளர் சார் பேனாவை எடுத்துட்டார். எழுதிக்கறதா இருந்தா முதல்ல இதை எழுதிக்குங்க. தூண்டில் கடை தக்கை அண்ணன் மேல எந்தத் தப்பும் இல்லை. அவர் கடையில வித்த லூர் எல்லாத்துலயும் முள் ஒழுங்கா இருந்தது, கூர் கூட நல்லாவே இருந்தது. எடுத்தது நான்தான்.

எங்க வீட்டுக்காரர் வெளியில பெஞ்சில உக்காந்திருக்கார். தக்கை அண்ணனுக்காக ரெண்டு வார்த்தை பரிஞ்சு பேசப் போறேன்னு சொல்லிட்டு உள்ள வந்தேன். அது பொய் இல்லை, இப்ப பேசிட்டேன் பாருங்க. கதவை மட்டும் சாத்திடுங்க.

எங்க வீட்டுக்காரரைப் பத்தி உங்களுக்கே தெரியும். கிளப்புல அவருக்கு ஊமைக்கோட்டான்னு பேர் வச்சிருக்கீங்க. நான் தப்பா எடுத்துக்கலை, பொருத்தமாத்தான் இருக்கு. லிஃப்ட் மெக்கானிக். நாள் பூரா இருட்டுக் குழிக்குள்ள நின்னு கேபிள் சத்தத்தைக் காது கொடுத்துக் கேக்கற வேலை. வீட்டுக்கு வந்தா 'ம்', 'சரி', 'வச்சிடு'. இந்த மூணுதான். கல்யாணமான புதுசுல நான் வேணும்னே ஒரு நாள் சாப்பாட்டுல உப்பே போடலை. ஏன் உப்பு இல்லைன்னு ஒரு கேள்வியாவது கேப்பாரேன்னு. அவர் எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்துட்டு வந்து போட்டுக்கிட்டு சாப்பிட்டார். கெட்டவர்னு சொல்லலை. சம்பளம் வந்தா கையில குடுத்துடுவார், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. பேச்சு மட்டும் வராது. பிள்ளைகுட்டியும் இல்லாத வீடு. குக்கர் விசில் அடிச்சா யாரோ கூப்பிடறாங்கன்னு திரும்பிப் பார்த்த நாள் எல்லாம் உண்டு.

ஏழு வருஷத்துக்கு முன்னாடி அவர் கூட வேலை செஞ்ச ஒருத்தர் ஊர் மாறிப் போனப்போ, சின்ன ஃபைபர் போட்டு ஒண்ணை இவர் தலையில கட்டிட்டுப் போனார். பதினஞ்சு குதிரை சக்தி எஞ்சின், ரெண்டு பேர் உக்கார இடம். சும்மா கிடக்குதேன்னு ஒரு ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போனோம். ட்ரோலிங்னா என்ன வேலைன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? எஞ்சின் மெதுவா ஓடும், முப்பது நாப்பது அடி பின்னால லூர் நீந்திக்கிட்டு வரும், ராடு அதோட ஹோல்டர்ல நிக்கும். மனுசன் செய்யறதுக்கு ஒண்ணுமே கிடையாது. ராடு நுனியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கணும். டி.வி. இல்லை, ஃபோன் எடுக்காது, எழுந்து போக இடமும் இல்லை.

அரை மணி நேரம் கழிச்சு அவர் பேச ஆரம்பிச்சார்.

நான் முதல்ல எஞ்சின் ஏதோ சத்தம் போடுதுன்னு நினைச்சேன். ஒரு பல் டாக்டரும், அவர்கிட்ட பல்லுக் கட்ட வந்து சண்டை போட்ட ஆளும் லிஃப்டுல மாட்டிக்கிட்ட கதை. மூணு மணி நேரம் கழிச்சு இவர் கதவைத் திறந்தா, ரெண்டு பேரும் தோள்ல கை போட்டுக்கிட்டு, டாக்டர் பையனுக்கு அந்த ஆளோட பொண்ணைப் பேசி முடிச்சிருக்காங்க. எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலி வந்துடுச்சு. நடந்து நாலு வருஷம் ஆன விஷயம் சார் அது. நாலு வருஷம் வயித்துக்குள்ளயே வச்சிருந்திருக்கார்.

அடுத்தடுத்த வாரம் இன்னும் வந்தது. சின்ன வயசுல ஒரு தடவை அப்பா அடிச்சாருன்னு மொட்டை மாடி காலித் தண்ணித் தொட்டிக்குள்ள போய் ஒளிஞ்சிக்கிட்டாராம். யாராவது தேடுவாங்கன்னு காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் காத்திருந்திருக்கார். யாரும் தேடலை. தம்பிக்கு மட்டும் தெரியும், அவன் கண்ணு முன்னாலதான் ஏறினார். கேட்டா சொல்லியிருப்பான், யாரும் கேக்கலை, அவனா சொல்லவும் இல்லை. ஆறு வயசுப் பையன், விளையாட்டுன்னு நினைச்சிட்டான். 'அவன் மேல கோவம் இல்லை. ஆனா அதுக்கப்புறம் எதுக்குப் பேசணும்னு விட்டுட்டேன்'னார். நான் அவர் கையைப் புடிச்சிக்கிட்டு, 'நான் தேடுவேன்'னு சொன்னேன். ராடு நுனியைப் பார்த்துக்கிட்டே தலையாட்டினார். கல்யாணமாகி ஏழு வருஷம் கழிச்சு எனக்குப் புருசன் கிடைச்சார் சார்.

இப்ப அந்த மீன் விஷயத்துக்கு வர்றேன்.

எட்டாவது வாரமோ ஒன்பதாவது வாரமோ, நான் கட்டி விட்ட லூர்ல ஒரு கொடுவா மாட்டுச்சு. பதினொரு கிலோ. உங்க கிளப் சுவத்துல இப்பவும் அந்த போட்டோ தொங்குது, பாதி மீனும் என் முழங்கையும் தெரியும். எல்லாரும் கை குலுக்கினீங்க. வீட்டுக்கு வர்ற வழி பூரா அவர் தனியா சிரிச்சுக்கிட்டே வந்தார். ஒரு வார்த்தை பேசலை. அடுத்த ஞாயிறு போட்டுல ஏறினோம், பேசலை. அதுக்கு அடுத்த வாரமும் அதே. நான் லிஃப்ட் கதை கேட்டேன், 'ம்'னார். தொட்டியைப் பத்திக் கேட்டேன், 'சரி விடு'ன்னார். மூணாவது வாரம் திரும்பி வர்றப்போ நிம்மதியா மூச்சு விட்டுட்டுச் சொல்றார்: 'ஆசை தீர்ந்துது. போட்டை வித்துடலாமா?'

அப்பதான் ஒண்ணு புரிஞ்சது. திருப்தியா இருக்கற ஆம்பளை பேச மாட்டான். மனசுல எங்கயோ ஒரு குறை உறுத்திக்கிட்டே இருந்தாதான் வாய் திறக்கும். நான் சொல்றது சரியில்லைன்னா நீங்க சொல்லுங்க. நீங்க மூணு பேருமே கல்யாணமானவங்கதான்.

முதல் தடவை நான் பண்ணலை. அதை அழுத்தி எழுதிக்குங்க. அடுத்த வாரம் அது தானா நடந்தது. முள்ளை லூரோட சேர்க்கற சின்ன வளையம் விரிஞ்சு, முள் எங்கயோ விழுந்திருக்கு. ஒரு மீன் வந்து அடிச்சது, ரீல் கிர்ருனு கத்துச்சு, அவர் துள்ளி எழுந்தார். அடுத்த நொடி லைன் தொய்ஞ்சு போச்சு. நான் லூரை இழுத்துப் பார்த்தேன். முள் இல்லை. சொல்லலாம்னு வாயைத் திறக்கறதுக்குள்ள அவர் ஆரம்பிச்சுட்டார். ராடு விறைப்பா இருந்துச்சோ, ரீல் பிரேக்கை, அந்த டிராக்கை, இறுக்கி வச்சிட்டேனோ, எப்பவுமே எனக்குக் கைக்கு எட்டினது இப்படித்தான் போகும்னு ஆரம்பிச்சு, பள்ளிக்கூடத்துல கிடைக்காம போன பரிசுக்குப் போய், அங்க இருந்து அவங்க அம்மாவுக்கு. கரை வர்ற வரைக்கும் மூணு மணி நேரம். நான் அந்த லூரைத் துண்டுல சுத்திப் பைக்குள்ள வச்சிக்கிட்டேன்.

அவர் லூரைப் பார்க்கவே மாட்டாரான்னு கேக்கறீங்க. மாட்டார். கொடுவா கிடைச்ச அன்னைக்கே சட்டம் போட்டுட்டார். 'உன் கை ராசிதான். இனிமே லூர் பக்கம் நான் கை வைக்க மாட்டேன், கண்ணால பார்க்கவும் மாட்டேன்.' கட்டறது நான், தண்ணியில விடறது நான், எடுத்துப் பெட்டியில அடுக்கறது நான். நான் லூரைக் கையில எடுத்தா அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்குவார், டாக்டர் ஊசி போடறப்போ திருப்பிக்கற மாதிரி. ராடும் ரீலும் எஞ்சினும் அவர் பொறுப்பு. இந்த ஏரியில இருக்கற அத்தனை போட்டுலயும் இப்படி ஒரு சட்டம் எங்க போட்டுல மட்டும்தான் இருந்திருக்கும். ஆறு வருஷத்துல நான் அவர்கிட்ட ஒரு பொய் கூடச் சொன்னதில்லை சார். லூர்ல முள் இருக்கான்னு அவர் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை.

முள்ளை எடுத்தா மட்டும் போதாது. இதை நீங்களும் தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது. எடை குறைஞ்சா லூர் மல்லாக்கப் புரளும், ராடு நுனியில அந்தப் படபடப்பு இருக்காது. லிஃப்ட் சத்தத்துல நூலளவு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கறவர், நுனி ஆட்டத்துல கண்டுபிடிக்க மாட்டாரா? நான் மருந்துக்கடையில பொடி நிறுத்து மடிக்கற வேலை பார்க்கறேன். சாப்பாட்டு நேரத்துல அந்தத் தராசுலயே முள்ளை நிறுத்துப் பார்த்தேன். ரெண்டு முள்ளும் சேர்ந்து அஞ்சு கிராம்னா, அதே அஞ்சு கிராமுக்கு ஈயக் கம்பி, முள் தொங்கின அதே வளையத்துல. மேல கொஞ்சம் சிவப்பு நூல். லூர் கனஜோரா நீந்தும். முள் இருந்தப்ப விட நல்லா நீந்தின லூர் கூட ரெண்டு மூணு உண்டு.

இப்பதான் ராடு வருது. ராடுல ஆரம்பிச்சேனே, அதுக்குக் காரணம் இதுதான்.

விலை உசந்த ராடு வாங்கிக் குடுத்திருந்தா நான் மாட்டிக்கிட்டிருப்பேன். ராடும் நல்ல ராடு, ரீலும் நல்ல ரீல், அப்புறமும் மீன் நழுவுதுன்னா ஆளுக்கு அடுத்து லூர் மேலதான் சந்தேகம் போகும். அதனால எப்பவும் விலை குறைஞ்சதா, நல்லதா, ஆனா குறை சொல்ல ஒரு இடம் உள்ளதாப் பார்த்து வாங்கினேன். கார்பன் வேண்டாம். விறைப்பா இருக்கும், இடிச்சா பொட்டுனு போயிடும். கிளாஸ் ஃபைபர்தான் ட்ரோலிங்குக்குச் சரி, வளைஞ்சு குடுத்து மீன் அடிக்கற அடியைத் தாங்கிக்கும், விலையும் பாதி. ஆனா பாருங்க, கிளாஸ் ஃபைபர் கொஞ்சம் கனம். 'கனமா இருந்ததால கை லேட்டாப் போச்சு'ன்னு ஒரு ஆறு மாசம் பேசலாம்.

ரீலுக்கு வாங்க. அட்டையில பதினோரு பேரிங்னு போட்டிருப்பான், அதைப் பார்த்து ஏமாறாதீங்க. நாலு இருந்தாலே ஓடும். கடையிலயே டிராக்கைப் பாதி இறுக்கிட்டு லைனைக் கையால இழுத்துப் பாருங்க. திக்கித் திக்கி விட்டா வேண்டாம், ஒரே சீரா விட்டா எடுங்க. கைப்பிடி பெருசா இருக்கணும். லைன் எத்தனை அடி போச்சுன்னு நம்பர் காட்டற ரீல் ஒண்ணு இருக்கு, அதுவும் இப்ப மலிவா வருது. அதை மட்டும் நான் வாங்க விடலை. நம்பர் தெரிஞ்சா சந்தேகம் தீர்ந்துடும். 'கிட்டக்க விட்டோமோ, தூரமா விட்டோமோ'ன்னு ஒரு முழு மழைக்காலமே ஓட்டியிருக்கோம். மீன் இழுத்து லைன் ஓடறப்போ கத்தற கிளிக்கர் சத்தம் மட்டும் பெருசா இருக்கணும்னு தக்கை அண்ணன்கிட்ட கண்டிசனா சொல்லிடுவேன். அந்தச் சத்தம் கேக்கறப்போ அவர் முகத்தைப் பார்த்திருக்கணும் நீங்க. சின்னப் பையன் மாதிரி ஆயிடுவார்.

தக்கை அண்ணன் தங்கமான மனுசன். உருண்டையா, எப்பவும் மிதந்துக்கிட்டே இருக்கற மாதிரி நடப்பார், பேர் சரியாத்தான் வச்சிருக்கீங்க. மூணாவது ராடு வாங்கறப்போ என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'ஏம்மா, போன ராடே நல்ல ராடுதாம்மா, எதுக்கு இன்னொண்ணு?'ன்னு கேட்டார். 'அவருக்கு ஒரு நம்பிக்கை வேணும்ண்ணே'ன்னேன். அவர் கண்ணு கலங்கிடுச்சு. லைனை சும்மாவே சுத்திக் குடுத்தார். அவர் மேல போய் ராடு விக்கறதுக்காக முள்ளைப் புடுங்கினார்னு பழி போட்டீங்களே, எப்படி மனசு வந்தது?

ஆறு வருஷத்துல அவருக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறீங்க. மறைக்க ஒண்ணுமில்லை. முதல் ரெண்டு வருஷம் ராடைக் குறை சொன்னார். அப்புறம் ரீலை. அப்புறம் தன்னையே. கிளப் போட்டிக்குப் பேர் குடுக்கறதை நிறுத்திட்டார். ராசியில்லாதவர்னு அவர் போட்டுக்குப் பக்கத்துல யாரும் போட்டைக் கட்டறதில்லை, அதைச் செஞ்சது நீங்க, நானில்லை. வேலையில ஒரே போல்ட்டை நாலு தடவை முடுக்கறார், முடுக்கிட்டுத் திரும்பப் போய் பார்க்கறார்னு சொல்லி ஆஸ்பத்திரி லிஃப்ட் வேலையில இருந்து எடுத்துட்டாங்க. இப்ப ஸ்டோர்ல உக்கார வச்சிருக்காங்க. போனாப் போகுது. அதைப் பத்தி மட்டும் அஞ்சு ஞாயித்துக்கிழமை பேசினார்.

நாலாவது வருஷம் ஒரு நாள் பெரிய மீன் ஒண்ணு அடிச்சது. ராடு தண்ணியைத் தொடற அளவுக்கு வளைஞ்சு, ரீல் கத்தோ கத்துன்னு கத்தி, சட்டுனு விட்டுடுச்சு. அவர் ராடைக் கையில வச்சிக்கிட்டே உக்காந்துட்டார். 'எனக்குக் கொடுத்து வைக்கலை. எதுலயுமே கொடுத்து வைக்கலை. உன்னைத் தவிர எனக்கு வேற எதுவும் சரியா அமையலை'ன்னு சொல்லிட்டு என் தோள்ல சாஞ்சு அழுதார். எஞ்சின் மெதுவா ஓடிக்கிட்டிருந்தது. நான் அவர் தலையைத் தடவிக் குடுத்தேன். எனக்கு அவ்வளவு சந்தோசமா இருந்தது. அப்படி ஒரு ஞாயித்துக்கிழமை எந்தப் பொண்டாட்டிக்குக் கிடைக்கும், சொல்லுங்க. லூர் பின்னால நல்லபடியா நீந்திக்கிட்டு வந்தது.

மனசுல இருக்கறதை உள்ளயே வச்சிருந்தா உடம்புக்கு ஆகாது சார். மருந்துக்கடையில இருக்கேன், எனக்குத் தெரியும். பேசிட்டா ரத்த அழுத்தம் குறையும். அவருக்கு இப்ப நார்மல். இதெல்லாம் யாருக்காகப் பண்ணினேன்னு நினைக்கறீங்க?

எல்லாம் கெட்டது இந்தப் பல்லாலதான். புடுங்கின மறுநாள் ஞாயிறு. கன்னம் பன்னு மாதிரி வீங்கி, வாயைத் திறக்க முடியலை. நான் வரலைன்னதும் கொழுந்தன், அந்தத் தண்ணித் தொட்டிக் கதையில வந்த தம்பிதான், 'அண்ணே, நான் வர்றேன்'னு கிளம்பிட்டார். அவர் ஸ்கூல் வேன் டிரைவர். அண்ணன் பங்கையும் சேர்த்துப் பேசற ஆளு. வேனுக்குள்ள முப்பது பிள்ளைங்க கத்தறதுக்கு மேல கத்திப் பழகின குரல். எங்க போட்டுச் சட்டம் எதுவும் அவருக்குத் தெரியாது. போன கையோட பெட்டியைத் திறந்திருக்கார். 'அண்ணே, இது என்ன, ஒண்ணுலயும் முள்ளே இல்லை?' அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டிருந்தவர் அப்பதான் திரும்பிப் பார்த்தாராம். ஆறு வருஷத்துல முதல் தடவையா.

கரைக்கு வந்ததும் கொழுந்தன் பெட்டியைத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சு ஊரைக் கூட்டினதும், நீங்க விசாரணைன்னு உக்காந்ததும் உங்களுக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு சொல்றேன். அன்னைக்குச் சாயங்காலம் எங்க வீட்டுல நடந்தது.

எங்க வீட்டுக்காரர் பெட்டியைச் சமையல்கட்டு மேசை மேல வச்சிட்டு எதிர்ல உக்காந்தார். நான் ஐஸ் பையைக் கன்னத்துல வச்சிக்கிட்டு இந்தப் பக்கம் உக்காந்திருந்தேன். சரி, முடிஞ்சது கதைன்னு நினைச்சேன். ஆனா அவர் பேச ஆரம்பிச்சார். வீட்டுல. தரையில. எஞ்சின் இல்லாம. யார் இப்படிப் பண்ணியிருப்பாங்க, நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணினேன், ஆறு வருஷமா என்னை நானே திட்டிக்கிட்டேனே, அந்தப் பெரிய மீன் நியாயமா என்னுதுதானேன்னு. ஒவ்வொரு லூரா எடுத்து விளக்கு வெளிச்சத்துல காட்டிக் காட்டிப் பேசினார். 'பாரு, எடைக்கு எடை ஈயம் வச்சிருக்கான். எவ்வளவு பொறுமை, எவ்வளவு வஞ்சம்'னு சொன்னார். வேலை சுத்தமா இருக்குன்னு அவரே ஒத்துக்கிட்டது எனக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்தது. என்னால வாயைத் திறக்க முடியலையா, அன்னைக்கு 'ம்' சொன்னது நான்தான்.

ரெண்டு வாரம் அப்படி ஓடுச்சு. காலையில பல் தேய்க்கறப்போ பேசினார். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்து பேசினார். என் ஜென்மத்துல அந்த ரெண்டு வாரம் மாதிரி இருந்ததில்லை. அப்பதான் நீங்க நோட்டீஸ் ஒட்டினீங்க. தக்கை அண்ணன்தான் குற்றவாளி, கடையைக் காலி பண்ணணும்னு. எங்க வீட்டுக்காரர் வந்து அதைப் படிச்சார். வீட்டுக்கு வந்து கை கால் கழுவினார். 'அப்ப அவர்தானா'ன்னார். சாப்பிட்டார். படுத்துட்டார்.

அவ்வளவுதான் சார். ஆள் யாருன்னு தெரிஞ்சதும் விஷயம் முடிஞ்சு போச்சு. பதினோரு நாள் ஆகுது. 'ம்', 'சரி', 'வச்சிடு'. முந்தாநாள் மட்டும் கூடுதலா ஒரு வார்த்தை சொன்னார், ஞாயித்துக்கிழமை போட்டைப் பார்க்க ஒருத்தர் வர்றாராம், வாங்கறதுக்கு. இனிமே போட்டும் இல்லை. எனக்கு வேற வழி தெரியலை. அதான் வந்தேன். தக்கை அண்ணன் பாவம்ங்கறதும் ஒரு காரணம், அது முதல்ல இருக்கட்டும். கடை சாவியை அவர்கிட்ட இன்னைக்கே குடுத்துடுங்க.

அப்ப என் பேரைப் போட்டு நோட்டீஸ் ஒட்டவான்னு கேக்கறீங்க. செயலாளர் சார், நீங்க படிச்சவர், யோசிச்சுப் பாருங்க. ஒட்டினா திரும்பவும் ஆள் யாருன்னு தெரிஞ்சிடும். திரும்பவும் கப்சிப். என் மேல கோவிச்சுக்குவாரேன்னு பயந்து சொல்லலை. கோவிச்சுக்கிட்டாக்கூடப் பரவாயில்லை, ஆனா அவர் கோவத்துல பேசற ஆளு இல்லை. வருத்தத்துலதான் பேசுவார். அதுவும் உறுதியாத் தெரியாம, சந்தேகமாவே இருக்கணும். நான் ஆறு வருஷம் பார்த்திருக்கேன்.

அதனால நான் ஒரு யோசனை சொல்றேன். தக்கை அண்ணன் மேல தப்பில்லை, விசாரணை தொடர்ந்து நடக்குதுன்னு ஒரு நோட்டீஸ் போடுங்க. அப்புறம் யாராவது ஒருத்தர், பேச்சுவாக்குல, 'பெட்டியை முதல்ல திறந்தது உங்க தம்பிதானே? திறந்த உடனே எப்படிக் கண்டுபிடிச்சார்?'னு அவர் காதுல போட்டா போதும். நிரூபிக்க எல்லாம் வேண்டாம். கொழுந்தனுக்கு ஒண்ணும் ஆகாது, அவர் எதையும் தாங்கிக்கற ஆளு, நாலு நாள் கத்திட்டு விட்டுடுவார்.

இந்த மருந்து பாட்டில்ல, நான் எடுத்துச் சேர்த்து வச்ச முள்ளுல பாதிதான் இருக்கு, எண்ணிக்குங்க. மீதி எங்கேன்னு கேப்பீங்கன்னு தெரியும். கொழுந்தனோட வேன்ல, டிரைவர் சீட்டுக்கு அடியில, டூல்ஸ் பைக்குள்ள இருக்கு. நேத்து மத்தியானம் வேன் கழுவறதுக்கு உதவப் போனேன், அப்ப வச்சிட்டேன். அவர் 'அண்ணி, உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம்'னார். நல்ல மனுசன்தான்.

எங்க வீட்டுக்காரருக்கு ரொம்ப வலிக்கும், எனக்குத் தெரியாம இல்லை. தண்ணித் தொட்டியில இருந்து திரும்ப ஆரம்பிப்பார். அன்னைக்கும் அவனுக்குத் தெரியும், இன்னைக்கும் அவன்தானான்னு கேப்பார். ஒண்ணு விடாம எல்லாம் வெளிய வரும். ரெண்டு வருஷம் தாங்கும், மூணு வருஷம் கூடத் தாங்கலாம். உள்ளயே வச்சுப் புழுங்காம கொட்டிடுவார், கொட்டட்டும், நான் கேக்கறேன். வேற யார் சார் கேப்பாங்க? கூட வேலை செஞ்சவங்க இல்லை, கிளப்புல யாரும் இல்லை, இனிமே தம்பியும் இல்லை. பாவம், அவருக்கு என்னை விட்டா வேற யார் இருக்காங்க?